பாட்டி சொன்ன பாம்பும் பால்மரக் காட்டுப் பாம்பும்



சென்ற இதழில் பிள்ளைகளின் கையெழுத்தைப் பற்றிப் பேசினோம். இந்த முறை பாம்பைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். "வாத்தியாருக்கு எழுத வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

போன வாரம் இடைவேளை நேரத்தில் எங்கள் பள்ளிக்குப் பின்னால் உள்ள ஜம்பு மரத்தடியில் ஒரே கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தேன். விரல் கனத்தில் ஒரு பாம்பு. பழுப்பு நிற முதுகு, விலாவில் மஞ்சள் கோடு. கிளைக்குக் கிளை விறுவிறுவென்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. கீழே மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் கையில் கல்லோடு நின்றான்.

"சார், கண்ணாடி விரியன் சார்! எங்க பாட்டி சொல்லியிருக்காங்க. கடிச்சா மூணு அடி நடக்கறதுக்குள்ள ஆளு காலி!"

"இல்ல சார், இது கொம்பேறி மூக்கன். கடிச்சிட்டு மரத்து உச்சியில ஏறி, சுடுகாட்டுல புகை வருதான்னு பாத்துட்டுத்தான் இறங்குமாம்."

இரண்டாவது பையன் சொன்ன பெயர் ஏறக்குறைய சரி. கதைதான் தவறு. கொம்பேறி மூக்கனால் மனிதனுக்கு ஓர் ஆபத்தும் இல்லை. பல்லியையும் தவளையையும் பிடித்துத் தின்று பிழைக்கிற சாது அது. கல்லைக் கீழே போடச் சொல்லிவிட்டு, பிள்ளைகளை வகுப்புக்கு அழைத்துப் போனேன். அவர்களை நான் கடிந்துகொள்ளவில்லை. பாம்பைப் பற்றித் தவறாகச் சொல்லிக்கொடுத்த குற்றத்தை நானே செய்திருக்கிறேன். அதையும் இன்று ஒளிக்காமல் சொல்லப்போகிறேன்.

கப்பலில் வந்த பெயர்கள்

நம் பாட்டன் பூட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கியபோது, துணிமூட்டையோடு பாம்புக் கதைகளையும் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் ஆளைக் கொல்லும் பாம்புகள் என்று நான்கைச் சொல்வார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். வயல் வேலை செய்தவர்கள் அந்த நான்கையும் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்வார்கள். அந்த மண்ணுக்கு அந்த அறிவு பொருத்தமானது.

ஆனால் இந்த மண் வேறு. அந்த நான்கு இனங்களில் ஒன்றுகூட மலேசியாவில் கிடையாது. இங்கே கண்ணாடி விரியனும் இல்லை, சுருட்டை விரியனும் இல்லை. நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் இங்கே பங்காளிகள் இருக்கிறார்கள். அவர்களின் உருவம் வேறு, குணமும் கொஞ்சம் வேறு. இந்த மண்ணுக்கே உரிய ஒரு விரியனும் உண்டு. அதன் பெயர் நம் பாட்டிமாருக்குத் தெரியாது. எங்கள் கெடா மாநிலத்துப் பால்மரக் காட்டில் நம்மவர்களை அதிகம் கடிப்பது அந்தப் பெயர் தெரியாத விரியன்தான்.

தீபகற்ப மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கில்லாதவை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நாம் நடமாடுகிற இடங்களில் எதிர்ப்படும் சிலவற்றை அறிந்துகொண்டால் போதும். ஆகவே இடம் இடமாகப் பார்ப்போம்.

பால்மரக் காட்டில்

மலாய்க்காரர்கள் 'ஊலார் காப்பாக் போடோ' என்று ஒரு பாம்பைச் சொல்வார்கள். 'காப்பாக்' என்றால் கோடரி. 'போடோ' என்றால் மடையன் என்பது உங்களுக்கே தெரியும். மனிதன் பக்கத்தில் வந்தாலும் ஓடத் தெரியாமல் கிடந்த இடத்திலேயே கிடப்பதால் அந்தப் பெயர். கடித்த பிறகும் அதே இடத்தில் சுருண்டு கிடப்பதுண்டு. இதைத்தான் மலாயா குழிவிரியன் என்று தமிழில் சொல்லலாம். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு சிறு குழி இருக்கும். அதைக் கொண்டு எலியின் உடற்சூட்டை இருட்டிலும் உணர்ந்துகொள்ளும்.

நீளம் பெரும்பாலும் மூன்றடிக்குள்தான். உடல் தடிப்பானது. நிறம் செம்பழுப்பு. முதுகின் இரு புறமும் கரும்பழுப்பு முக்கோணங்கள் வரிசையாக இருக்கும். அவற்றின் முனைகள் முதுகுத்தண்டில் சந்திக்கும். இந்த நிறத்தோடு உதிர்ந்த ரப்பர் இலைமேல் கிடந்தால், பகலிலேயே கண்ணுக்குத் தெரியாது. விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரையில் நடக்கும் தொழிலாளிக்கு எப்படித் தெரியும்? பெர்லிஸ், கெடா, கிளந்தான் முதலிய வட மாநிலங்களில்தான் இது அதிகம். தென் மாநிலங்களில் காண்பது அரிது.

இதன் விஷம் இரத்தத்தை உறையவிடாமல் செய்துவிடும். கடித்த இடம் வீங்கும், கொப்புளம் கட்டும், சில வேளை சதை அழுகும். 1960களில் பினாங்கு மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட் இந்தப் பாம்புக்கடியை ஊன்றி ஆராய்ந்து உலகத்துக்கு எழுதிச் சொன்னார். கடிபட்டவர்களில் பலருக்கு விஷம் ஏறுவதே இல்லை அல்லது சிறிதளவே ஏறுகிறது என்பது அவர் கண்ட உண்மைகளில் ஒன்று. பாம்பு கடித்தாலே மரணம்தான் என்று அலறுவது எவ்வளவு தவறு, பாருங்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் கரும்பலகையில் எழுதிய தவறு

சிறுவனாக இருந்தபோது என் தந்தை சொல்லிக்கொடுத்தார்: பாம்பு கடித்தால் மேலே இறுக்கிக் கட்டு, கடிவாயைக் கீறு, இரத்தத்தை உறிஞ்சித் துப்பு. பழைய முதலுதவிப் புத்தகம் ஒன்றிலும் அதே முறையைப் படத்தோடு பார்த்திருக்கிறேன். ஆசிரியரானதும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பயன்படுமே என்று, ஆண்டுதோறும் அதைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினேன். 'கட்டு, கீறு, உறிஞ்சு' என்று பிள்ளைகள் பாட்டாகவே பாடுவார்கள். எட்டு ஆண்டுகள் இப்படி நடந்தது.

2010 ஆம் ஆண்டு, பால்மரம் இலையுதிர்க்கும் காலம். எங்கள் கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை அல்லவா? ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒட்டுப்பால் பொறுக்கித் தாயாருக்கு உதவுவதற்காகக் காட்டுக்குப் போயிருக்கிறாள். தாயார் காலில் ஜப்பான் சிலிப்பர். மங்கைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குக் காலெடுத்து வைத்தவரை, விரல்களுக்கு மேலே பாம்பு கடித்துவிட்டது.

மகள் பயப்படவில்லை. "அம்மா, எங்க சார் சொல்லிக் குடுத்திருக்காரு" என்று சொல்லி, வாளியை மோட்டார் சைக்கிளில் கட்டும் டியூப்பை எடுத்து கணுக்காலுக்கு மேல் பலங்கொண்ட மட்டும் இறுக்கிக் கட்டினாள். பால்வெட்டுக் கத்தியால் கடிவாயைக் கீறினாள். பதினோரு வயதுப் பிள்ளை! இரத்தம் நிற்கவே இல்லை. உறையும் சக்தியை விஷம் பறித்துவிட்ட உடம்பில் கத்தியால் கீறினால் எப்படி நிற்கும்? பிறகு வீட்டுக்கு வந்து, பெரியவர்கள் சொன்னபடி மந்திரிப்பவரிடம் போய், பச்சிலை கட்டி, அதன் பிறகுதான் மருத்துவமனை. கட்டிய கட்டை மூன்று மணி நேரம் யாரும் அவிழ்க்கவில்லை.

செய்தி கேட்டு நானும் மருத்துவமனைக்கு ஓடினேன். கால் கருநீலமாக வீங்கியிருந்தது. மருத்துவர் அந்த டியூப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இதைக் கட்டியது யார்?" என்று கேட்டார். பிள்ளை முன்னால் வந்து, "நான்தான். எங்க வாத்தியார் சொல்லிக் குடுத்தாரு" என்றாள். அப்போது நான் வாசலருகே நின்றுகொண்டிருந்தேன்.

உயிர் பிழைத்தது. இரண்டு கால் விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. "விஷமும் கெடுத்தது, கட்டும் கெடுத்தது. கட்டாமல் நேரே வந்திருந்தால் விரல் தப்பியிருக்கலாம்" என்றார் மருத்துவர்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளி திறந்தது. நான் வகுப்பின்முன் நின்று, "பிள்ளைகளே, பாம்புக்கடியைப் பற்றி நான் உங்களுக்குச் சொன்னது தவறு" என்று சொல்லிப் புதிதாகப் பாடம் நடத்தினேன். ஆனால் அதற்கு முன்பே என்னிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களை எல்லாம் எங்கே தேடிப் பிடித்துச் சொல்வது? இன்று அவர்கள் தகப்பனாகவும் தாயாகவும் இருப்பார்கள். சிலர் இந்த இதழைப் படிக்கக்கூடும். இந்தக் கட்டுரை முதலில் அவர்களுக்காக.

செம்பனைக் காட்டில்

பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்ட தோட்டங்கள் இன்று அதிகம். செம்பனைப் பழம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். வெட்டிய மட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறோமே, அந்த அடுக்குதான் அவற்றின் வீடு. உதிரிப்பழம் பொறுக்குகிறவர்கள் மட்டைக்கு அடியில் கையை விடுவதற்கு முன், ஒரு கம்பால் தட்டிப் பார்ப்பது நல்லது.

இங்கே முக்கியமானது நாகம். தமிழ்நாட்டு நல்ல பாம்பின் படத்தில் மூக்குக்கண்ணாடி போல இரண்டு வட்டம் இருக்கும். நம் நாட்டு நாகத்தில் அதைத் தேடாதீர்கள். தீபகற்பத்தில் பரவலாக உள்ள கருநிற நாகத்துக்குப் பெரும்பாலும் படத்தில் குறியே இருக்காது. வட மாநிலங்களில் உள்ள இன்னொரு நாகத்துக்கு ஒற்றை வட்டம் இருக்கும். மலாய்க்காரர்கள் இவற்றை 'செண்டோக்' என்பார்கள். படம் எடுத்தால் அகப்பை போல் இருப்பதால் அந்தப் பெயர்.

நம் கருநாகத்துக்கு ஒரு வித்தை தெரியும். கடிக்காமலேயே விஷத்தைக் கண்ணை நோக்கிப் பீய்ச்சும். கண்ணில் பட்டால் தீயாக எரியும். உடனே சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கண்ணில் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது. தாய்ப்பால், எண்ணெய், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். கழுவியபின் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காட்டோரத் தோட்டங்களில் ராஜநாகத்தையும் சிலர் கண்டிருப்பீர்கள். உலகத்தின் விஷப் பாம்புகளில் இதுவே நீளமானது. 1937 இல் போர்ட் டிக்சன் பக்கத்தில் பிடிபட்ட ஒன்று லண்டன் விலங்குக் காட்சிசாலைக்கு அனுப்பப்பட்டு, அங்கே 5.71 மீட்டர், அதாவது ஏறத்தாழ 18 அடி 9 அங்குலம் வளர்ந்தது. இதன் முக்கிய உணவு மற்ற பாம்புகள். பெண் பாம்பு சருகைக் குவித்துக் கூடு கட்டி, முட்டைக்குக் காவல் இருக்கும். அப்படி ஒரு சருகுக் குவியலும் பக்கத்தில் பெரிய பாம்பும் தெரிந்தால், வேலையை நிறுத்திவிட்டு மண்டோரிடம் சொல்லுங்கள்.

மலைப்பாம்புக்கு விஷம் இல்லை. எலியைத் தின்று தோட்டத்துக்கு நன்மையே செய்கிறது. எலியை ஒழிக்க ஆந்தைக்குப் பெட்டி வைக்கிறார்கள். அதே வேலையைப் பாம்பு பெட்டியில்லாமல் செய்கிறது. ஆனால் விஷமில்லை என்பதற்காக அதோடு விளையாடக் கூடாது. 1995 இல் ஜொகூர், சிகாமட் வட்டாரத்தில் பால்மரம் வெட்டும் தொழிலாளி ஒருவரைப் பெரிய மலைப்பாம்பு இறுக்கிக் கொன்ற செய்தியைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்னொன்று: 2010 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மலைப்பாம்பு பாதுகாக்கப்பட்ட பிராணி. அனுமதியில்லாமல் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

வீட்டிலும் வாசலிலும்

லயத்து வீடானாலும் டாமான் வீடானாலும் கோழிக்கூண்டு, விறகு அடுக்கு, உடைந்த பலகை, தேங்காய் மட்டைக் குவியல், அடைபட்ட வாய்க்கால் இவை இருந்தால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். பல்லியைத் தேடி வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் சிறிய ஓநாய்ப் பாம்பு. பெயர்தான் பயங்கரம், விஷம் கிடையாது. எலியைத் துரத்தி வரும் சாரைக்கும் விஷம் இல்லை.

பயப்பட வேண்டியது கட்டுவிரியனுக்குத்தான். இங்கே இரண்டு வகை எதிர்ப்படும். ஒன்று மஞ்சளும் கறுப்புமாக ஒரே அகலத்தில் வளையம் போட்டது. வால் நுனி மழுங்கியிருக்கும், முதுகு கூரை முகடுபோல் எழும்பியிருக்கும். மற்றது கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டது. இரண்டும் பகலில் சோம்பல், இரவில் நடமாட்டம். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடித்தால், எறும்பு கடித்தது போலத்தான் இருக்கும். வலியோ வீக்கமோ அதிகம் இராது. 'ஒன்றுமில்லை' என்று மறுபடியும் தூங்கிவிடுவார்கள். பிறகு இமை தானாகத் தாழும், பேச்சுக் குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் திணறும். இரவில் தரையில் படுத்த பிள்ளை காலையில் கண் திறக்க முடியாமல் கிடந்தால், பேய் பிசாசு என்று எண்ணி நேரத்தைப் போக்காதீர்கள். நேரே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மருத்துவமனையில் செயற்கையாக மூச்சு கொடுத்தும் மருந்து கொடுத்தும் காப்பாற்ற முடியும்.

கறுப்பு வெள்ளைப் பட்டையுள்ள விஷமற்ற ஓநாய்ப் பாம்பு வகையும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். 'முக்கோணத் தலை இருந்தால்தான் விஷப் பாம்பு' என்ற பேச்சையும் நம்பாதீர்கள். நாகத்துக்கும் கட்டுவிரியனுக்கும் முக்கோணத் தலை இல்லை. ஆகவே வீட்டுக்குள் பாம்பைக் கண்டால் ஆராய்ச்சி வேண்டாம். பிள்ளைகளை வெளியே அழைத்துக்கொண்டு, தூரத்திலிருந்து பாம்பைக் கண்காணித்தபடி 999க்குத் தொலைபேசி செய்யுங்கள். பொம்பாவிலிருந்தோ பொதுத் தற்காப்புப் படையிலிருந்தோ வந்து பிடித்துப் போவார்கள்.

மரத்திலும் வேலியிலும்

வேலிச் செடியில் பச்சைக் கயிறு போலத் தொங்குவது பச்சைப் பாம்பு. கண்ணைக் கொத்தும் என்று அதற்கும் ஒரு கதை கட்டிவிட்டோம். அது பல்லி பிடிக்கக் காத்திருக்கிறதே தவிர, உங்கள் கண்ணுக்காக அல்ல. ஆனால் பச்சையாக இருப்பதெல்லாம் பச்சைப் பாம்பும் அல்ல. உடல் தடித்து, தலை அகன்று, கிளையில் அசையாமல் சுருண்டிருந்தால் அது பச்சை விரியன் வகை. பழம் பறிக்கும்போது எட்டாத கிளைக்குள் கையை விடாதீர்கள்.

பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கமுள்ள பாம்புக் கோயிலுக்குப் போனவர்கள், பச்சையும் கறுப்பும் மஞ்சளுமாகப் பெரிய தலையோடு கிளைகளில் கிடக்கும் பாம்புகளைப் பார்த்திருப்பீர்கள். அவையும் விரியன்தான். ஊதுவத்திப் புகையில் மயங்கிக் கிடக்கின்றன என்பார்கள். பகலில் அசையாமல் கிடப்பது அந்தப் பாம்பின் இயல்பே. காட்டிலும் அப்படித்தான் கிடக்கும். கோயிலில் சாதுவாக இருக்கிறதே என்று தோட்டத்தில் கண்டதைத் தொடாதீர்கள்.

கடித்துவிட்டால்

இந்தப் பகுதியை மட்டுமாவது வெட்டி எடுத்து, சமையலறைக் கதவில் ஒட்டி வையுங்கள்.

முதலில், பாம்பை விட்டு விலகி வந்து கடிபட்டவரை உட்கார வையுங்கள் அல்லது படுக்க வையுங்கள். "மருத்துவமனைக்குப் போனால் சரியாகிவிடும்" என்று தைரியம் சொல்லுங்கள். இது வெறும் ஆறுதல் அல்ல, உண்மை.

இரண்டாவது, மோதிரம், வளையல், கொலுசு, கைக்கடிகாரம், இறுக்கமான சட்டைக்கை எல்லாவற்றையும் கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது.

மூன்றாவது, கடிபட்ட கையையோ காலையோ அசைய விடாதீர்கள். எலும்பு முறிந்தால் வைப்பது போல ஒரு பலகையோ கம்போ வைத்து, துணியால் தளர்வாகக் கட்டுங்கள். விரல் நுழையும் அளவு இடம் இருக்க வேண்டும். காலில் கடித்தவரை நடக்க விடாதீர்கள். தூக்கிக்கொண்டு போங்கள்.

நான்காவது, 999ஐ அழையுங்கள் அல்லது தோட்டத்து வண்டியிலோ அண்டை வீட்டுக் காரிலோ அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரே போங்கள். சிறிய கிளினிக்குகளில் விஷமுறிவு மருந்து வைத்திருக்க மாட்டார்கள். போகிற வழியில் வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

செய்யக் கூடாதவை இவை: இறுக்கிக் கட்டாதீர்கள். கீறாதீர்கள். உறிஞ்சாதீர்கள். ஐஸ் வைக்காதீர்கள். சாராயம் கொடுக்காதீர்கள். பச்சிலை அரைத்துப் பூசாதீர்கள். பாம்பைத் துரத்திக் கொன்று எடுத்து வராதீர்கள். இரண்டாவது ஆளும் கடிபடுவது இப்படித்தான். செத்த பாம்பின் தலையும் கடிக்கும். கைத்தொலைபேசியில் தூரத்திலிருந்து ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். முடியாவிட்டாலும் பாதகமில்லை. கடித்த நேரத்தை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். கொஞ்சம் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். உறைந்தால் நல்லது. உறையாவிட்டால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் கோடு போட்டுக் கவனிப்பார்கள். இமை தாழ்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள். நம் மருத்துவமனைகளில் பயன்படும் மருந்து பெரும்பாலும் பேங்காக்கில் உள்ள தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் நிலையத்தில் தயாராகிறது. குதிரையின் உடம்பில் சிறுகச் சிறுக விஷத்தைச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்தெடுக்கிறார்கள். நாகத்துக்கு ஒரு மருந்து, குழிவிரியனுக்கு ஒரு மருந்து. எதைக் கொடுப்பது, கொடுக்கத்தான் வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். "ஊசி போடவில்லையே" என்று சண்டை போட வேண்டாம். ஒரு நாள் இருந்து பார்க்கச் சொன்னால் இருங்கள். சில விஷம் தாமதமாகத்தான் வேலை காட்டும்.

வருமுன் காக்கலாம். காட்டுக்குப் போகும்போது முழங்காலுக்குக் கீழ்வரை மூடும் ரப்பர் சப்பாத்து அணியுங்கள். விலை கொஞ்சம்தான். விரலின் விலையை நான் பார்த்திருக்கிறேன். சப்பாத்தைக் காலையில் மாட்டுமுன் தலைகீழாகத் தட்டுங்கள். இரவில் கோழிக்கூண்டுக்கோ வெளியே உள்ள கழிவறைக்கோ போகும்போது விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் படுக்காமல் கட்டிலில் படுங்கள். கொசுவலை கட்டி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். அது கொசுவையும் தடுக்கும், பாம்பையும் தடுக்கும். வீட்டைச் சுற்றிப் புல்லை வெட்டி, குப்பையை அகற்றி, எலியை ஒழியுங்கள்.

பாம்புக்கடி ஏழைத் தொழிலாளியின் நோய் என்று உலகம் இப்போதுதான் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. 2017 இல் உலகச் சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக்கடியால் இறப்பதாக அந்த நிறுவனம் கணக்கிடுகிறது. நம் நாட்டில் சாவு மிகக் குறைவு. மருந்தும் மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் இருப்பதுதான் காரணம். அந்தத் தூரத்தை மந்திரிப்பவர் வீட்டு வாசலில் நின்று நாமே நீட்டிக்கொள்ளக் கூடாது.

அந்தத் தாயார் இன்றும் எங்கள் வட்டாரத்தில்தான் இருக்கிறார். கொஞ்சம் சாய்ந்து நடப்பார். தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு முறுக்கு கொடுத்தனுப்புகிறார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவர் குறை சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பாரமாக இருந்திருக்காது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதைப் படித்தவர்கள், படிக்காத ஒருவருக்காவது சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குச் சொல்லுங்கள். உங்களோடு ஒரே நிரையில் வேலை செய்கிற நேபாள, வங்காள தேசத்து, இந்தோனேசியத் தொழிலாளிக்கும் தெரிந்த மலாயில் சொல்லுங்கள். அவரும் தன் ஊர்ப் பாம்புக் கதைகளோடுதான் இங்கே வந்திருப்பார், நம் பாட்டனைப் போல.

என்னிடம் படித்த பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், 'கட்டு, கீறு, உறிஞ்சு' என்று அன்று பாடியதை மறந்துவிடுங்கள். 'அசையாதே, கட்டாதே, ஆஸ்பத்திரிக்குப் போ' என்பதே இன்றைய பாடம். உங்கள் பிள்ளைகளுக்கு இதையே சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.